விளையாட்டில் யாருக்கும் கதவடைப்பு வேண்டாம்

(படவேட்டில் நடந்த நம் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தருகிறோம்.)



வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, எந்தக் குழு தவணை பாக்கி என்றுதான் பேசுவோம். இன்னிக்கு அந்தக் கணக்கை எல்லாம் காலையிலேயே முடித்துவிட்டோம். இப்போது பேசப்போவது வேறு ஒரு கணக்கு. தீர்மான நோட்டில் இன்னும் எழுதாமல் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம். நாங்கள் பேசி முடித்த பிறகு அந்தப் பக்கத்தில் என்ன எழுதலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்களுக்கே தெரியும். காணும் பொங்கலன்று நம்ம பக்கத்தில் நடக்கும் பெண்கள் கபடிப் போட்டிக்கு நம் கூட்டமைப்பு சில வருஷமாகப் பரிசு கொடுத்து வருகிறது. போன முறை 5,000 ரூபாயும் எவர்சில்வர் குடங்களும் கொடுத்தோம். குடத்தில் நம் கூட்டமைப்பின் பெயரைப் பொறித்துத்தான் கொடுத்தோம். மேடையில் நின்று கை தட்டினோம். போட்டோ எடுத்துக்கொண்டோம். இதே இதழில் அந்தப் படம் வந்தது.

படத்தில் இல்லாத ரெண்டு பெண்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இருவரும் இருபது வயசு தாண்டியவர்கள். நல்ல ஆட்டக்காரிகள். ஒன்றாகவே வருவார்கள், ஒன்றாகவே போவார்கள். "இது வெறும் சிநேகிதம் இல்லை, ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்குதுங்க" என்று யாரோ பேசியிருக்கிறார்கள். போட்டி நடத்தியவர்கள் காதுக்கு அது போய்விட்டது. "அந்த ரெண்டு பேரையும் எடுத்துட்டு மத்தவங்க ஆடுங்க, இல்லேன்னா டீமையே சேர்க்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் பயந்துபோய், மாற்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாம் பரிசும் வாங்கினார்கள். வாங்கியது நம் பெயர் பொறித்த குடம்.

அந்த ரெண்டு பெண்களில் ஒருத்தியின் அம்மா நம் குழு ஒன்றில் உறுப்பினர். பெயரும் சொல்ல மாட்டோம், குழுவும் சொல்ல மாட்டோம். நீங்களும் விசாரிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம். ரெண்டு மாசமாக அவர் கூட்டத்துக்கு வரவில்லை. தவணையை மட்டும் யாரிடமாவது கொடுத்து அனுப்பினார். நாங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"நம்ம பணத்துல நடக்குற ஆட்டத்துல என் பொண்ணுக்கு எடமில்லேன்னா, நான் போடுற சந்தா எதுக்குங்க?"

எங்களுக்குப் பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்தச் சில மாதங்களாகப் படித்தோம், கேட்டோம், எங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டோம். தெரிந்துகொண்டதை உங்கள் முன்னால் வைக்கிறோம்.

ஒரு நெசவாளி மகளின் கதை

ஒடிசா மாநிலம் ஜாஜ்பூர் மாவட்டத்தில் சாக்கா கோபால்பூர் என்று ஒரு கிராமம். நம்ம ஆரணிப் பக்கம் மாதிரி அதுவும் நெசவு ஊர். அங்கே ஏழை நெசவாளிக் குடும்பத்தில் 1996-ல் பிறந்தவர் டூட்டி சந்த். ஓட்டக்காரி. 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டத்தில் இந்தியாவிலேயே முதல் வரிசையில் வந்தார்.

2014-ல் கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் போட்டி. போவதற்குத் தயாராக இருந்தவரைக் கடைசி நேரத்தில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். காரணம், அவர் உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் ஒரு ஹார்மோன் பெண்களுக்கு விதித்த அளவைவிட அதிகமாம். மருந்து எதுவும் சாப்பிடவில்லை, ஏமாற்றவில்லை. பிறந்த உடம்பு அப்படி. பதினெட்டு வயசுப் பிள்ளை. ஊரெல்லாம் 'இவ பொண்ணா, ஆணா' என்று பேசியது.

அந்தப் பெண் வீட்டுக்குள் முடங்கவில்லை. சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டுக்கான நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டார். இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. வக்கீல்கள் காசு வாங்காமல் வாதாடினார்கள். 2015 ஜூலையில் அந்த விதியை மன்றம் நிறுத்தி வைத்தது. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ரெண்டு வெள்ளிப் பதக்கம். 2019-ல் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரில் தங்கம்.

அதே 2019-ல், மே மாதம், டூட்டி சந்த் வெளிப்படையாக ஒன்று சொன்னார். தனக்கு ஒரு பெண்ணோடு உறவு இருக்கிறது, அவரோடுதான் வாழ விரும்புகிறேன் என்றார். இந்திய விளையாட்டு வீரர்களில் இப்படி வெளியில் சொன்ன முதல் ஆள் அவர்தான். வெளியாரைவிட வீட்டிலேதான் எதிர்ப்பு அதிகம் வந்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டித் தொடக்க விழாவில், இங்கிலாந்தின் நீச்சல்குள டைவிங் வீரர் டாம் டேலியோடு வானவில் கொடி ஏந்தி நடந்தவர்களில் டூட்டியும் ஒருவர்.

முழுக் கதையும் சொல்ல வேண்டும், இல்லையா? 2023-ல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அவருக்கு நான்கு ஆண்டு தடை விதித்தார்கள். அது வேறு விஷயம். தப்பு செய்தால் தண்டனை உண்டு, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் செய்த தப்புக்குத் தண்டனை வேறு, பிறந்த உடம்புக்கும் மனசுக்கும் தண்டனை வேறு.

நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளையையும் மறக்கக் கூடாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்து அவரைக் கௌரவித்தது. ஆனாலும் சில வருஷம் கழித்து அவர் மறுபடியும் சூளைக்கே கூலிக்குப் போன செய்தி வந்தது. ரொம்ப காலம் போராடித்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. டூட்டிக்குத் துணை நிற்க ஆள் இருந்தார்கள். 2006-ல் சாந்திக்கு அப்படி யாரும் வழக்குப் போடவில்லை. ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். உடம்பு அமைப்பு வேறாக இருப்பது ஒன்று. ஆணாகப் பிறந்து பெண்ணாக உணரும் திருநங்கை நிலை இன்னொன்று. ஒரு பெண்ணுக்குப் பெண்ணிடமே, ஒரு ஆணுக்கு ஆணிடமே ஈர்ப்பு வருவது மூன்றாவது. இதைத் தன்பாலீர்ப்பு என்கிறார்கள். மூன்றும் வேறு வேறு. ஆனால் மைதானத்து வாசலில் நிறுத்தி "நீ உள்ளே வராதே" என்று சொல்லும்போது மட்டும் மூன்றையும் ஒன்றாகக் கட்டி வெளியே தள்ளுகிறார்கள்.

சட்டம் யார் போட்டது?

"இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம்" என்று எங்களில் ஒரு அக்காவே சொன்னார். தேடிப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377-வது பிரிவு 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. அவன் ஆண்ட நாடுகளில் எல்லாம் இதே மாதிரிச் சட்டத்தை வைத்துவிட்டுப் போனான். இலங்கையிலும் மலேசியாவிலும் அது இன்னும் இருக்கிறது. சிங்கப்பூர் 2022-ல் நீக்கியது.

நம் நாட்டில் 2009-ல் டெல்லி உயர்நீதிமன்றம் இது குற்றமில்லை என்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிக் குற்றம்தான் என்றது. 2018 செப்டம்பர் 6-ம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமே இல்லை என்று முடித்து வைத்தது. இந்தத் தீர்ப்புதான் தனக்குத் தைரியம் கொடுத்தது என்று டூட்டி சந்த் சொன்னார். 2023-ல் திருமண அங்கீகாரம் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தரவில்லை. ஆகவே கல்யாணமாகப் பதிவு செய்ய முடியாது. சேர்ந்து வாழத் தடையும் இல்லை.

நம்ம பக்கத்து வேலூர் மாவட்ட வழக்கு ஒன்று 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. இருபத்தைந்து வயசுப் பெண்ணை, இன்னொரு பெண்ணோடு இருக்கிறாள் என்று வீட்டார் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தப் பெண் தன் விருப்பப்படி போகலாம் என்றது நீதிமன்றம். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றும் சொன்னது. அதற்கு முன்பே 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை 'மாற்றிவிடுகிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதைத் தடை செய்யச் சொன்னார். தனக்கே இதில் புரிதல் போதாது என்று, தீர்ப்புக்கு முன் மனநல வல்லுநரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் அவர். நீதிபதியே தெரியாது என்று ஒத்துக்கொண்டு கற்றுக்கொள்ளும்போது, நாம் கற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

விளையாட்டை நிறுத்தினால் நியாயம் கிடைக்குமா?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறோம். அந்த அம்மா கேட்டதும் எங்களில் பாதிப் பேர் சொன்னது இதுதான்: "அடுத்த வருஷம் பணம் கிடையாது, குடம் கிடையாது. முடிஞ்சுது." கோபத்தில் அப்படித்தான் தோன்றும். உலகத்தில் இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனுபவம் என்ன என்று பார்த்தோம்.

முதலில் நம் நாடே செய்தது. 1974-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டி. நம்ம சென்னை அண்ணன் தம்பி ஆனந்த் அமிர்தராஜ், விஜய் அமிர்தராஜ் ஆடிய இந்திய அணி, சோவியத் ரஷ்யாவைத் தோற்கடித்து இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. அந்த நாட்டில் கறுப்பர்களை மனுஷராகவே நடத்தாத நிறவெறிச் சட்டம். 'அவர்களோடு ஆட மாட்டோம்' என்று இந்தியா சொல்லிவிட்டது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா இன்று வரை டேவிஸ் கோப்பையை ஒரு தடவைகூட வாங்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு, நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இந்தியா மட்டும் தனியாக நிற்கவில்லை. 1970-ல் ஒலிம்பிக் அமைப்பு தென்னாப்பிரிக்காவை வெளியே அனுப்பியது. 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கை இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணித்தன. நிறவெறிச் சட்டங்கள் விழத் தொடங்கிய பிறகு, 1991 நவம்பரில் கல்கத்தாவில்தான் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி மறுபடி சர்வதேச ஆட்டத்துக்கு வந்தது. சட்டத்தை விழவைத்தது விளையாட்டு மட்டும் இல்லை. அந்த நாட்டு மக்கள் ஜெயிலுக்குப் போனார்கள், உயிரைக் கொடுத்தார்கள். அவர்களே 'எங்கள் நாட்டோடு ஆடாதீர்கள்' என்று உலகத்திடம் கேட்டார்கள். இதைக் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவர்களே கேட்டார்கள்.

அடுத்தது அமெரிக்கா. அங்கே வட கரோலினா என்று ஒரு மாநிலம். 2016 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டார்கள். அரசுக் கட்டடங்களில் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். தன்பாலீர்ப்பு உள்ளவர்களையும் திருநர்களையும் காப்பாற்ற உள்ளூர் நகராட்சி விதி போட்டால் அதுவும் செல்லாது. மக்கள் விளையாட்டு அமைப்புகளைக் கேட்டார்கள்: "இந்த ஊரில் போய் ஆடுவீர்களா?" தேசியக் கூடைப்பந்துச் சங்கம் 2017-ல் சார்லட் நகரில் நடக்க வேண்டிய நட்சத்திர ஆட்டத்தை நியூ ஆர்லியன்சுக்கு மாற்றியது. கல்லூரி விளையாட்டுச் சங்கமும் ஏழு போட்டிகளை வெளியே எடுத்தது. ஒரே வருஷத்தில், 2017 மார்ச் மாதக் கடைசியில், அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். முழுசாக மாற்றவில்லை, நகராட்சிகளின் கையை இன்னும் சில வருஷம் கட்டித்தான் வைத்தார்கள். ஆனாலும் அசைத்தார்கள். 2019-ல் அந்த நட்சத்திர ஆட்டம் சார்லட்டுக்கே திரும்பி வந்தது.

இங்கே யாரையும் ஆடாதே என்று சொல்லவில்லை. ஆட்டத்தை நிறுத்தவும் இல்லை. இடத்தைத்தான் மாற்றினார்கள். ஆட்டக்காரருக்கு நஷ்டமில்லை, சட்டம் போட்டவருக்குத்தான் நஷ்டம்.

இடம் மாற்றுவது நமக்குப் புதுசும் இல்லை. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அது முதலில் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. அந்த வருஷம் பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்ததால் உலகச் செஸ் கூட்டமைப்பு இடத்தை மாற்றியது. நம் அரசு முந்திக்கொண்டு கேட்டு வாங்கியது. அந்தப் போட்டியில்தான் நம் பெண்கள் அணி முதல் முறையாகப் பதக்கம், வெண்கலம் வாங்கியது. அதில் சென்னைப் பெண் வைஷாலி ஆடினார். ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். ரஷ்யா இழந்ததால் நமக்குக் கிடைத்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பலிக்காத இடங்களும் உண்டு. அதே ரஷ்யாவில் 2013 ஜூனில், தன்பாலீர்ப்பைப் பற்றிப் பிள்ளைகள் காதுபடப் பேசுவதையே தடுத்து ஒரு சட்டம் வந்தது. 2014 பிப்ரவரியில் சோச்சி நகரில் குளிர்கால ஒலிம்பிக். 'போகாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்' என்று உலகம் முழுக்கக் குரல் எழுந்தது. ஒலிம்பிக் அமைப்பு அசையவில்லை. போட்டி நடந்தது. ரஷ்யச் சட்டம் மாறவே இல்லை. இன்னும் கடுமையாகி, 2023-ல் அந்த இயக்கத்தையே தீவிரவாதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அறிவித்துவிட்டது. 2022-ல் கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தில் ஏழு ஐரோப்பிய அணித் தலைவர்கள் வானவில் நிறத்தில் கைப்பட்டை கட்ட நினைத்தார்கள். கட்டினால் மஞ்சள் அட்டை என்றது உலகக் கால்பந்து அமைப்பு. ஏழு பேரும் விட்டுவிட்டார்கள்.

அப்போ சோச்சிக் கூச்சல் வீணா? இல்லை. அந்தக் கூச்சலால்தான் 2014 டிசம்பரில் ஒலிம்பிக் சாசனத்தில் யாரையும் பாலியல் ஈர்ப்பைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்ற வார்த்தை ஏறியது. ரஷ்யாவை மாற்ற முடியவில்லை, விளையாட்டு அமைப்பின் விதியை மாற்ற முடிந்தது. எழுத்தில் ஒரு விதி இருந்தால் நாளைக்கு ஒரு பிள்ளை அதைக் காட்டிக் கேட்க முடியும்.

விதி நமக்குச் சாதகமாகவே போகும் என்றும் இல்லை. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டியில் ஓடுபவர்களுக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சாந்தியின் கதை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்க முடியாது.

நம்மையே யாராவது ஒதுக்கியிருந்தால்?

இதையும் யோசித்தோம். 2013-லிருந்து 2018 வரை 377 நம் நாட்டிலும் இருந்தது. "இந்தியாவில் அந்தச் சட்டம் இருக்கிறது, அதனால் இந்தியாவோடு ஆட மாட்டோம்" என்று உலகம் சொல்லியிருந்தால்? 2016-ல் டூட்டி ரியோவுக்குப் போயிருக்க முடியாது. எந்தப் பெண்ணுக்காகக் கதவைச் சாத்துகிறோமோ, அதே பெண் கதவுக்கு வெளியே நின்றிருப்பாள்.

நம்ம தறியில் என்ன செய்கிறோம்? பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்துகிறோம். நிறுத்தாமல் நெய்தால் சேலையில் பழுது விழும், கூலியில் பிடிப்பார்கள். ஆனால் இழை அறுந்துபோச்சு என்று பாவு முழுக்க அறுத்துப் போடுவோமா? அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி மிதிக்கிறோம். நிறுத்துவது முடிச்சுப் போடுவதற்காக. வெறுமனே நிறுத்தி வைப்பதற்காக இல்லை.

நாம் பணத்தை நிறுத்தினால் போட்டியே நின்றுபோகலாம். நம்ம பக்கத்தில் பெண் பிள்ளைகள் கபடி ஆட ஒரு மேடை கிடைப்பதே வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அதுவும் போனால், 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஆட்டம்' என்று சொல்பவர்களுக்குத்தான் சந்தோஷம். எதுவும் கேட்காமல் பணம் கொடுத்தாலோ, அநியாயத்துக்கு நம் பெயரைப் பொறித்துக் கொடுத்த மாதிரி.

எனவே மற்றவர்கள் அனுபவத்திலிருந்து மூன்று பாடம் எடுத்துக்கொண்டோம். பாதிக்கப்பட்டவரை முதலில் கேட்கணும். ஆட்டக்காரரை விட்டுவிட்டு நடத்துபவரைக் கேட்கணும். கேட்பதை எழுத்தில் வாங்கணும்.

அந்த ரெண்டு பெண்களையும் பார்த்துப் பேசினோம். ஒருத்தி, "எம் பேரை மட்டும் வெளிய விட்றாதீங்க அத்தை" என்றாள். இன்னொருத்தி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எனக்குக் குடமும் வேணாம், மன்னிப்பும் வேணாம். ஆடணும்" என்றாள். போட்டியை நிறுத்துங்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

நிர்வாகக் குழு முன்வைக்கும் யோசனைகள்

1. பரிசை இப்போதே நிறுத்த வேண்டாம். தீபாவளி முடிந்ததும் போட்டி நடத்துபவர்களுக்குக் கூட்டமைப்பு கடிதம் கொடுக்கும். வதந்தி, உடல் தோற்றம், யாரோடு பழகுகிறாள் என்ற பேச்சு இவற்றைக் காரணம் காட்டி எந்தப் பெண்ணையும் நீக்க மாட்டோம் என்று போட்டி விதியில் எழுதித் தரக் கேட்கும்.

2. எழுதிக் கொடுத்தால் பரிசு உண்டு. போன முறையைவிடக் கூடவே கொடுக்கலாம்.

3. எழுதிக் கொடுக்க மறுத்தால் பணமும் கிடையாது, நம் பெயரும் கிடையாது. அதே பணத்தில் கூட்டமைப்பே இன்னொரு நாளில் பெண்கள் கபடி நடத்தும். ஆட்டம் நிற்கக் கூடாது, இடம் மாறும்.

4. போன முறை ஆடிய பிள்ளைகள் மேல் யாரும் பழி போடக் கூடாது. அவர்களும் மிரட்டப்பட்டவர்கள்தான்.

5. மகளோ மகனோ இப்படி இருக்கிறார் என்று சொல்லி எந்தக் குழுவும் ஒரு உறுப்பினருக்குக் கடன் மறுப்பதோ, ஒதுக்குவதோ கூடாது. இது எல்லாக் குழுவுக்கும் பொருந்தும்.

எழுந்த கேள்விகள்

கூட்டத்தில் சில அக்காக்கள் கேட்டதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

"நம்ம குழு சேமிப்புக்கும் கடனுக்கும். இதுக்கும் நமக்கும் என்ன?" என்றார் ஒருவர். சாராயத்துக்கு எதிராகப் பேசினபோதும், சின்ன வயசுக் கல்யாணத்தைத் தடுக்கப் போனபோதும் இதே கேள்விதான் வந்தது. போனோமா இல்லையா? ஒரு உறுப்பினர் அவமானத்தால் கூட்டத்துக்கு வராமல் போனால் அது குழுவின் பிரச்சினைதான். சேமிப்பு நின்றால் வீட்டுக்குப் போய்க் கேட்கிறோம். ஆள் நின்றால் கேட்க வேண்டாமா?

"நம்ம பிள்ளைகளும் கெட்டுப்போயிடும்" என்றார் இன்னொருவர். அந்தப் பயம் எங்களுக்கும் இருந்தது. பார்த்து ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை இது. இது நோயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அடித்தும் பூட்டியும் வைத்தால் பிள்ளை மாறாது, பிள்ளையை இழப்போம்.

"அது உண்மைதானா, அந்தப் பொண்ணுங்க அப்படியா?" என்றும் ஒருவர் கேட்டார். அது நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கபடியில் கோட்டைத் தொட்டாளா, மூச்சை விட்டாளா என்றுதான் நடுவர் பார்க்கணும். வீட்டுக்குள் எட்டிப் பார்க்க அவருக்கு வேலை இல்லை.

"சாமி குத்தம் ஆயிடும்" என்று மெதுவாக ஒரு குரல் கேட்டது. சகோதரிகளே, நாம் ரேணுகாம்பாள் மண்ணில் உட்கார்ந்திருக்கிறோம். அம்மன் கதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீரில் தெரிந்த ஒரு நிழலைப் பார்த்து ஒரு கணம் மனம் சலித்தாள் என்பதற்காக, கட்டிய கணவன் சொல்லி, பெற்ற மகன் கையாலேயே தலை வெட்டுப்பட்டவள். வெட்டச் சொன்னவரைத் தேடி ஆடி மாசம் இவ்வளவு கூட்டம் வருகிறதா? வெட்டுப்பட்ட தாயின் தலையைத்தான் ஊர் ஊராக வந்து கும்பிடுகிறோம். அவள் திருநீற்றை நெற்றியில் வைத்துக்கொண்டு, இன்னொரு பெண்ணை மனசில் உள்ளதற்காகத் தண்டிக்க நமக்கு எப்படிக் கை வரும்?

முடிவாக

வீட்டில் அடைத்து வைத்தாலோ அடித்தாலோ 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். இதை உங்கள் குழு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த வீட்டுக்கு எப்போது தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது.

கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது முதல் நாலு யோசனைகளுக்கும் பெரும்பாலோர் கை தூக்கினார்கள். ஐந்தாவதற்குக் கை குறைந்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறைக்காமல் சொல்கிறோம். நமக்கு ஊர்ப் போட்டியைத் திருத்துவது சுலபம், சொந்தக் குழுவைத் திருத்துவதுதான் கஷ்டம். எனவே ஐந்தாவதை மட்டும் தள்ளி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குழுவும் தன் கூட்டத்தில் பேசி, அடுத்த பொதுக்குழுவுக்கு முடிவோடு வர வேண்டும். தீர்மான நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மா அன்று கூட்டத்துக்கு வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதுவும் பேசவில்லை. போகும்போது இந்த மாசச் சந்தாவைத் தானே கையில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்.



குழுக் கூட்டத்தில் பேச:

* உங்கள் ஊரில் விளையாட்டிலிருந்தோ, பள்ளியிலிருந்தோ, வேலையிலிருந்தோ பேச்சுக்குப் பயந்து விலகிய பெண் யாராவது உண்டா? பெயர் சொல்லாமல் பேசுங்கள்.
* பரிசை நிறுத்துவது, இடத்தை மாற்றுவது, விதியை மாற்றக் கேட்பது, இந்த மூன்றில் நம் ஊருக்கு எது பொருந்தும்? ஏன்?
* ஐந்தாவது யோசனைக்கு உங்கள் குழுவின் பதில் என்ன? ஊக்குநர் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, அடுத்த பொதுக்குழுவுக்குக் கொண்டு வரவும்.